சரியாக ஒரு நிமிடம்

"ஐம்பத்தேழு... ஐம்பத்தெட்டு... ஐம்பத்தொம்பது..."

டப்.

திரை இருண்டது. மேசைக்கு அடியில் இருந்த சிபியு ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. பூட்டு சார் கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து, பக்கத்தில் திறந்து வைத்திருந்த நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'முயற்சி ஐந்து. பிற்பகல் 2.10. வீடியோ ஓடிய நேரம் அறுபது நொடி. பிறகு மரணம்.'

மேலே இருந்த நான்கு வரிகளும் இதையேதான் சொல்லின. நேரம் தவறாமையில் இப்படி ஓர் ஒழுங்கை அவர் தன் கிடங்கு ஆட்களிடம்கூடப் பார்த்ததில்லை. எரிச்சலுக்கு நடுவிலும் அந்தக் கம்ப்யூட்டர்மேல் அவருக்கு லேசாக ஒரு மரியாதை வந்தது.

"என்னங்க, வாத்து அந்தப் பக்கம் போயிடுச்சா?" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"எங்க போச்சு? நடு ரோட்டுலயே நிக்குது!"

வாத்து என்பது மகள் அனுப்பியிருந்த சோதனை வீடியோ. அவளே வரைந்தது. ஒரு குண்டு வாத்து சாலையைக் கடக்கும், மொத்தம் இரண்டு நிமிடம். "இது கடைசி வரைக்கும் ஓடினா சாயங்காலம் என் படமும் ஓடும்ப்பா" என்று சொல்லியிருந்தாள். காலையிலிருந்து அந்த வாத்து ஐந்து முறை நடுச்சாலையில் உயிரை விட்டிருந்தது.

மகள் வேறு ஊரில் கார்ட்டூன் வரையப் படிக்கிறாள். அவள் செய்த எட்டு நிமிடப் படம் ஏதோ பெரிய போட்டிக்குத் தேர்வாகி, இன்று மாலை ஆறு மணிக்கு ஓர் அரங்கில் காட்டப்போகிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் அதே நேரத்தில் இன்டர்நெட்டில் பார்க்கலாம். ஒரே ஒரு தடவைதான். தவறவிட்டால் விட்டதுதான்.

"பொம்மை போடறதுக்கு ஒரு படிப்பா?" என்று இரண்டு வருடமாக மகளிடம் முகம் கொடுத்துப் பேசாதவர் பூட்டு சார். போன வாரம் என்ன தோன்றியதோ, மனைவி பேசிக்கொண்டிருந்த போனைத் தானே வாங்கி, "உன் படத்தை நான் பாக்கறேன்" என்றார். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"நிஜமாவாப்பா? முழுசா?"

"முழுசா."

வாழ்க்கையில் சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் விட்டதில்லை என்பது அவருடைய பெருமை. அந்தப் பெருமை இப்போது ஓர் அறுபது நொடி வாத்திடம் மாட்டிக்கொண்டு விழித்தது.

அவருக்குப் பூட்டு என்று பெயர் வைத்தவர்கள் கிடங்கு ஆட்கள். இருபத்தாறு வருடமாக அவர் ஒரு பெரிய சரக்குக் கிடங்கின் தலைமைக் காப்பாளர். இடுப்பில் முப்பத்தொரு சாவிகள். வீட்டிலும் அப்படித்தான். பிஸ்கட் டப்பாவுக்குக்கூடப் பூட்டு இருந்தது. மகள் பள்ளி இறுதித் தேர்வு எழுதிய வருடம் டிவியை அக்கா வீட்டுக்கு அனுப்பினார், ரேடியோவைப் பரணில் ஏற்றினார், விருந்தாளிகள் அரை மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்றார். அந்த வருடம் போட்ட உத்தரவுகளை அவரே இன்னும் எண்ணி முடிக்கவில்லை. வீடியோ பார்ப்பது சோம்பேறிகளின் வேலை என்பதால், இந்தக் கம்ப்யூட்டரில் அவர் இதுவரை கடிதம் அடிப்பதையும் சீட்டு விளையாடுவதையும் தவிர வேறொன்றும் செய்ததில்லை.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றாள். "நீங்க போய் நிதானமா ஒரு குளியல் போட்டுட்டு வாங்களேன். அதுக்குள்ள நான் ஒரு தடவை பாக்கறேன்."

"நீயா? உனக்கு என்ன தெரியும் கம்ப்யூட்டரைப் பத்தி? நீ போய் உன் பூவேலையைப் பாரு."

பூவேலை என்றால் துணியில் ஊசியால் பூப்போடுவது. ஏழு வருடமாக மத்தியான நேரத்தில் அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அதற்கென்று ஒரு தகரப் பெட்டி, அதில் குட்டி ஸ்க்ரூ டிரைவர், இடுக்கி, பிரஷ். அந்தப் பெட்டியை இரவல் வாங்கித்தான் பூட்டு சார் சிபியுவைத் திறக்கப்போனார். ஏழு வருடத்தில் ஒரு கைக்குட்டைகூட முடிந்தபாடில்லையே என்று அவர் ஒருமுறை கேட்டதற்கு, "நுணுக்கமான வேலைங்க, அவசரப்பட்டா ஆகுமா?" என்று சொல்லிவிட்டாள்.

"சரி, என் போன்லயாவது பாத்துடலாமே" என்றாள்.

"எம் பொண்ணு ரெண்டு வருஷம் உக்காந்து செஞ்ச படத்தைத் தீப்பெட்டி அளவுல பாக்கறதா? உங்க அண்ணன் வேற வர்றாரு. பெரிய திரையில காட்டறேன்னு சொல்லியாச்சு."

முதல் சந்தேகம் தூசி. ஏழு வருடத் தூசி உள்ளே மெத்தை மாதிரி படிந்திருக்கும் என்று எதிர்பார்த்து, மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு சிபியுவின் பக்கத் தகட்டைக் கழற்றினார். திருகாணிகள் வெண்ணெயில் கிடந்தவை போல வழுக்கிக்கொண்டு வந்தன. உள்ளே பார்த்தால் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி பளபளப்பு. ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"பாத்தியா? இதான் ஒழுக்கமா வெச்சிருக்கற வீட்டோட லட்சணம்" என்றார்.

"ஆமாங்க" என்றாள் மனைவி, கூரையைப் பார்த்தபடி.

தூசி இல்லாதது அவருக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. தகட்டைத் திறந்த பிறகு எதையாவது செய்யாமல் மூடக் கை வரவில்லை. கிடங்கில் லாரி எடை பார்க்கும் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வந்தவன், உள்ளே இருந்த சின்ன மின்விசிறியைக் கழற்றி, அதற்கு அடியில் வெள்ளையாக ஏதோ பசை தடவியதைத் தூரத்திலிருந்து பார்த்த ஞாபகம் வந்தது. இங்கேயும் மின்விசிறியைக் கழற்றினார். அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது.

"அழுக்கு இங்கதான் ஒளிஞ்சிருக்கு" என்று வெற்றிக் களிப்போடு துடைத்து எடுத்தார். பிறகு குளியலறைக்குப் போய், வீட்டில் இருந்த ஒரே வெள்ளைப் பசையை எடுத்துவந்து தாராளமாகப் பிதுக்கினார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பூட்டு சார் கவனிக்கவில்லை.

"என்னங்க, அதுக்குப் பல்லு விளக்கி விடறீங்களா?"

"பேசாம இரு. டெக்னிக்."

சுவிட்சைப் போட்டார். கம்ப்யூட்டர் மூன்று முறை கீச்சிட்டது. எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது, மறுபடி விழுந்தது. கடைசியில் எழுந்திருப்பதையே விட்டுவிட்டது. அறையெங்கும் புதினா வாசனை. நோட்டில் 'முயற்சி ஆறு' என்று எழுதி, அதற்குமேல் என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனாவைக் கடித்தார்.

"மணி மூணாச்சு. அண்ணன் பஸ் ஸ்டாப்புல இறங்கியிருப்பாரு. போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள் மனைவி.

"முப்பது வருஷமா பஸ் ஓட்டறவருக்கு வழி தெரியாதா?"

"பஸ்ஸுல வந்தாத் தெரியும். நடந்து வந்தாத் தெரியாதுங்க. போங்க, சீக்கிரம்!"

இதில் எங்கோ தர்க்கம் இடிக்கிறதே என்று யோசித்துக்கொண்டே தெருவில் இறங்கினார். மச்சான் பாதி வழியிலேயே எதிரே வந்தார். வேலை இல்லாத நாளில் போனை எடுத்துவந்தால் டிப்போவிலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள் என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தார். இருவரும் பேசிக்கொண்டே வீடு திரும்ப இருபத்தைந்து நிமிடம் ஆனது.

கதவைத் திறந்த பூட்டு சார் திடுக்கிட்டார். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத் தகடு இன்னும் திறந்தே கிடந்தது. பதறிப்போய் திரையைக்கூடப் பார்க்காமல் பாய்ந்து, அடியில் கைவிட்டுச் சுவிட்சை அணைத்தார்.

"ஐயோ! ஏன் அணைச்சீங்க?" என்று மனைவி அலறினாள். "வாத்து அந்தப் பக்கம் போயிடுச்சுங்க! என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

"தகடு தொறந்து கிடக்கும்போது ஓட விடலாமா? ஷாக் அடிச்சா? வாத்து போச்சாம் வாத்து. நான் இல்லாதப்ப அது எப்படி ஓடும்?"

"தானா ஸ்டார்ட் ஆச்சு... நான் சும்மா..."

"பசை காயறதுக்கு நேரம் வேணும், அதான் ஸ்டார்ட் ஆகியிருக்கு. நான் அப்பவே நினைச்சேன்." நோட்டை எடுத்து எழுதினார்: 'வாத்து கடந்ததாக வீட்டுக்காரி சாட்சியம். ஏற்கப்படவில்லை.' எழுதும்போதுதான் அவள் விரல்களில், சற்று முன் அவர் துடைத்தெடுத்த அதே சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்தார். "கையில என்ன?"

"அடுப்புக் கரி" என்றாள் அவள். சமையல் எரிவாயு அடுப்பில் கரி எங்கிருந்து வந்தது என்று கேட்க அவருக்கு நேரம் இல்லை.

முறைப்படி தகட்டை மூடி, முறைப்படி சுவிட்சைப் போட்டு, தொடக்கத் திரையில் தெரிந்த இரண்டு பெயர்களில் தன்னுடையதைத் தொட்டு, ஒற்றை விரலால் பாஸ்வேர்டை அடித்து உள்ளே போனார். வாத்து கிளம்பியது. மச்சானும் சேர்ந்து எண்ணினார். அறுபது.

டப்.

"பாத்தியா? எங்க போச்சு உன் வாத்து?"

மனைவி தொண்டையைச் செருமினாள். "ஒரு தடவை... பாப்பா பேர்ல உள்ள போய்ப் பாத்தா என்ன?"

தொடக்கத் திரையில் இருந்த இரண்டாவது பெயர் மகளுடையது. அவள் ஊரைவிட்டுப் போன பிறகும் அது அப்படியே இருந்தது. பூட்டு சார் நெஞ்சை நிமிர்த்தினார். "அடுத்தவங்க பூட்டைத் தொடற பழக்கம் இந்த வீட்டுல கிடையாது. கிடங்குல இருபத்தாறு வருஷமா நான் சொல்ற முதல் பாடம் அது."

அதற்கு மேல் அவள் என்ன சொல்ல முடியும்? உள்ளே போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு அடுக்கினாள்.

மச்சான் இதற்குள் சிபியுவின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு நோயைக் கண்டுபிடித்திருந்தார். "இன்ஜின் ஹீட், மாப்ளே. மேட்டுல ஏறறப்ப நம்ம வண்டி நிக்குது பாருங்க, அதே கதைதான். லெட்டர் அடிக்கறது சமதரை. வீடியோன்னா மேடு. தண்ணி காட்டணும்."

"கம்ப்யூட்டருக்கா?"

"உள்ள ஊத்தச் சொல்லல. எதிர்ல வைக்கச் சொல்றேன்."

அரை மணி நேரத்தில் அந்த அறை ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிளாஸ்டிக் தொட்டியில் ஃப்ரிட்ஜில் இருந்த ஐஸ் கட்டி முழுக்கக் கொட்டித் தண்ணீர் நிரப்பி, ஸ்டூலின்மேல் வைத்தார்கள். அதற்குப் பின்னால் மேசை மின்விசிறி. ஐஸைத் தொட்டு வரும் காற்று நேராகச் சிபியுவின் வயிற்றுக்குள் போக வேண்டும் என்று மீண்டும் தகட்டைக் கழற்றினார்கள். காற்று சரியான இடத்துக்குப் போகிறதா என்று பார்க்க வெளிச்சம் போதவில்லை.

"அந்தப் போனைக் கொண்டா, டார்ச்சு அடிக்கணும்!"

"பத்திரங்க, அது ஒண்ணுதான் மிச்சம்" என்று சொல்லிக்கொண்டே மனைவி போனை நீட்டினாள்.

பூட்டு சார் ஒரு கையால் டார்ச்சைப் பிடித்து, மறு கையால் கடிகாரத்தைத் திருப்பிப் பார்க்க முயன்றார். போன் வழுக்கியது. ஐஸ் தண்ணீரில் 'ப்ளக்' என்று ஒரு சின்னச் சத்தம். தொட்டியின் அடியிலிருந்து டார்ச் வெளிச்சம் நீல நிறத்தில் ஒரு விநாடி அழகாகத் தெரிந்தது. அப்புறம் அதுவும் போனது.

மூவரும் தொட்டியையே பார்த்தார்கள்.

"நல்லா கூல் ஆயிடுச்சு" என்றார் மச்சான்.

மனைவி தங்கை முறையையும் மறந்து அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்க்கத் தொடங்கினார்.

போனைத் துடைத்து மின்விசிறிக்கு எதிரே காயவைத்தார்கள். அது சீக்கிரம் காயட்டும் என்று மகளின் பழைய ஹேர் டிரையரையும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினார் பூட்டு சார். கம்ப்யூட்டர், மின்விசிறி, டிரையர் மூன்றும் ஒரே ஒயரில். சுவிட்சைத் தட்டியதும் வீட்டில் இருந்த எல்லாமே ஒன்றாக நின்றது. ஃப்ரிட்ஜ்கூட.

"ஃப்யூஸ்!" என்று இரண்டு ஆண்களும் ஒரே குரலில் சொல்லிவிட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த மின்பெட்டிக்கு ஓடினார்கள். அங்கே ஆறு வீட்டுக்கு ஆறு பெட்டி, எல்லாம் ஒரே மாதிரி. பூட்டு சார் எதையும் பார்த்தாலே அடையாளம் கண்டுவிடுவார் என்பதால் யோசிக்காமல் மூன்றாவதைத் திறந்து ஃப்யூஸைப் பிடுங்கினார்.

மேலேயிருந்து ஓர் அலறல் கேட்டது. மாடி வீட்டு டீச்சர் பாதித் தலைக்குச் சாயம் பூசி, பாதி முகம் கருப்பாக, படிகளில் தடதடவென்று இறங்கிவந்தார். "கண்ணாடி முன்னாடி நின்னுட்டிருக்கேன், யாரு கரண்டைப் பிடுங்கினது?"

"தப்பு நடந்துபோச்சு டீச்சர். பொண்ணோட படம் ஆறு மணிக்கு. நீங்களும் வந்து பாக்கணும்" என்று பூட்டு சார் கையைக் கூப்பினார். மன்னிப்பையும் அழைப்பையும் ஒரே மூச்சில் கேட்ட டீச்சருக்கு எதற்குப் பதில் சொல்வது என்று தெரியவில்லை. "தலையை அலசிட்டு வர்றேன்" என்று ஏறிப்போனார்.

டீச்சரின் ஃப்யூஸைத் திரும்ப மாட்டிவிட்டு, இவர்கள் சரியான பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மேலே தங்கள் வீட்டில் விளக்கு எரிந்தது. "எப்படி வந்துச்சு?" என்றார் மச்சான்.

"நான் பக்கத்துல வந்ததும் பயந்துருச்சு" என்றார் பூட்டு சார். வீட்டுக்குள் போனபோது, கதவுக்குப் பின்னால் இருந்த இன்னொரு ஃப்யூஸ் பெட்டியைச் சாத்திவிட்டு மனைவி அந்தத் தகரப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். ஹேர் டிரையர் அலமாரிக்கும், தொட்டி குளியலறைக்கும் போயிருந்தன. கம்ப்யூட்டரின் தகடு ஒழுங்காக மூடி, நான்கு திருகாணியும் ஏறியிருந்தன.

முயற்சி எட்டு. அறுபது நொடி. டப்.

மணி ஐந்தேகால். பூட்டு சாருக்கு இவ்வளவு நேரம் இருந்த வீறாப்பு ஒயரைப் பிடுங்கியதுபோல இறங்கிப்போனது. இரண்டு வருடம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரே ஒரு வார்த்தை கொடுத்து, அதையும் இந்தக் கம்ப்யூட்டர் விழுங்கப்போகிறதே என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அதை மறைக்க நோட்டை மூடி வைத்தார்.

"மச்சான், இந்த கம்ப்யூட்டரை வித்த கடைக்காரர் இன்னும் அதே முக்குலதான் இருக்காரு. கையோட கூட்டிட்டு வந்துடுங்க."

"வேணாம்ங்க!" என்றாள் மனைவி, கொஞ்சம் அதிக வேகமாக. "அவரு... பாவம், பிஸியா இருப்பாரு. நீங்க ரெண்டு பேரும் பத்து நிமிஷம் காத்தாட நடந்துட்டு வந்தீங்கன்னா..."

"இப்பப் போய்க் காத்து வாங்கச் சொல்றியே, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

மச்சான் அதற்குள் தெருவில் இருந்தார். மனைவி நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கடைக்காரர் வந்து சேர்ந்தபோது மணி ஐந்து நாற்பத்தெட்டு. ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் ஆறு பேனா. டீச்சரும் ஈரத் தலையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு பூட்டு சாரின் மனைவியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

பூட்டு சார் நோட்டைத் திறந்து எட்டு முயற்சிகளையும் வாசித்துக் காட்டினார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"சார், யார் பேர்ல உள்ள போறீங்க?"

"என் பேர்லதான். என் கம்ப்யூட்டர்தானே?"

"அப்போ ரிப்பேரே இல்ல சார். சரியாத்தான் வேலை செய்யுது."

"அறுபது நொடியில சாகறதா சரியான வேலை?"

"நீங்கதானே சார் கேட்டீங்க? ஏழு வருஷம் முன்னாடி, பாப்பாவுக்குப் பரிட்சை நேரம். கடைக்கு வந்து கதவைச் சாத்திட்டு, 'இதுல எவன் வீடியோ போட்டாலும் சரியா ஒரு நிமிஷம், பொட்டுனு போயிடணும். ஏன் போச்சுன்னு யாருக்கும் தெரியக் கூடாது'ன்னு சொன்னீங்க. ராத்திரி உக்காந்து நானே எழுதிப் போட்டேன்."

பூட்டு சாரின் மனத்தில் எங்கோ ஒரு பழைய கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. ஆமாம். கதவைச் சாத்தியது ஞாபகம் வந்தது. கடைக்காரரின் கையைத் தானே குலுக்கி, 'பிரமாதம்' என்று தோளில் தட்டியதுகூட ஞாபகம் வந்தது.

"ஆனா... அது பொண்ணுக்குன்னு போட்டது..."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "மூணாம் நாளே பாப்பா கடைக்கு வந்துடுச்சு சார். ஒரு நிமிஷக் கணக்கு வெச்சே கண்டுபிடிச்சிடுச்சு. 'அங்கிள், அப்பா போட்ட பூட்டை எடுக்க வேணாம். எம் பேர்ல இருந்து எடுத்து அப்பா பேர்ல மட்டும் மாட்டி விடுங்க'ன்னு சொல்லிச்சு. குழந்தை கேட்டா எப்படி சார் மாட்டேங்கறது?"

மச்சான் சிரித்த சிரிப்பில் ஸ்டூல் நகர்ந்தது. டீச்சர் ஈரத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஏழு வருடமாக அந்த வீட்டில் வீடியோ பார்க்கத் தடை விதிக்கப்பட்டிருந்தது பூட்டு சார் ஒருவருக்குத்தான்.

"சரி, எடுங்க! உடனே எடுங்க!"

"எடுக்க முக்கால் மணி நேரம் ஆகும் சார். பாப்பா பேர்ல போனா இப்பவே ஓடும். பாஸ்வேர்டு மட்டும் வேணும்."

மணி ஐந்து ஐம்பத்து நான்கு. பூட்டு சார் தன் பட்டன் போனில் மகளைக் கூப்பிட்டார். அரங்கத்துக்குள் போயிருக்க வேண்டும், போன் அணைத்திருந்தது. மகள் பிறந்த தேதியை அடித்துப் பார்த்தார். தவறு என்றது. பள்ளியின் பெயரை அடித்தார். தவறு. வாத்து. தவறு. டீச்சரின் போன் சார்ஜ் இறங்கிக் கிடந்தது, கடைக்காரர் வந்த அவசரத்தில் தன்னுடையதைக் கடையிலேயே விட்டிருந்தார். கடைசியில் கையை மடியில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"முழுசாப் பாக்கறேன்னு சொன்னேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். "அங்க உக்காந்து, அப்பா பாத்துட்டிருக்காருன்னு நினைச்சிட்டிருப்பா."

மனைவி புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தாள்.

"நகருங்க."

விசைப்பலகையைப் பார்க்காமலே, பத்து விரலாலும், மழை பெய்கிற வேகத்தில் எதையோ அடித்தாள். திரை திறந்தது. வாத்து கிளம்பியது. எல்லோரும் சத்தமாக எண்ணினார்கள். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது, அறுபத்தொன்று! வாத்து கூசாமல் நடந்துபோய் எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறி வாலை ஆட்டியது. டீச்சர் எழுந்து நின்று கைதட்டினார்.

ஆறு மணிக்கு மகளின் படம் தொடங்கியது. இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒரு மனிதர் நடந்து வந்தார். அலமாரியைப் பூட்டினார், குழாயைப் பூட்டினார், ஏணி வைத்து ஏறி ஒரு மேகத்தையும் பூட்டினார். மச்சான் பூட்டு சாரை முழங்கையால் இடித்தார். கடைசியில் அந்த மனிதர் சாவிக்கொத்தைத் தொலைத்துவிட்டு, தன் வீட்டு வாசலிலேயே மழையில் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெண் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, கதவு தொறந்துதான் இருக்கு. தள்ளுங்க."

போன வாரம்தான் சேர்த்த ஒரு வரி கடைசியாகத் திரையில் வந்தது: 'முழுசாகப் பார்க்கிறேன் என்று சொன்ன அப்பாவுக்கு.'

பூட்டு சார் வெட்கமே இல்லாமல் அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். மச்சான் அழுததை யாரும் பார்க்கவில்லை, அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

மூக்கைத் துடைத்தபடி பூட்டு சார் மனைவியிடம் கேட்டார். "உனக்கு எப்படி அந்த பாஸ்வேர்டு தெரியும்?"

"பாப்பா என்னைக்கோ சொன்னா" என்றாள் அவள், காலித் தம்ளர்களை அவசரமாகப் பொறுக்கிக்கொண்டு.

பூட்டு சார் அன்று எதையும் துருவிக் கேட்கிற மனநிலையில் இல்லை. கடைக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க மட்டும் வரலைன்னா இன்னைக்கு என் மானம் போயிருக்கும். எவ்வளவு பெரிய உதவி! இனிமே இந்த கம்ப்யூட்டருக்கு ஒண்ணுன்னா உங்களைத்தான் கூப்பிடுவேன்."

"நான் எதையும் தொடவே இல்லையே சார்" என்று கடைக்காரர் கூச்சத்தோடு கையை விடுவித்துக்கொண்டு செருப்பை மாட்டினார். வாசல்படியில் இறங்கியவர், ஏதோ ஞாபகம் வந்தவராகத் திரும்பி, சமையலறைப் பக்கம் குரலை உயர்த்தினார்.

"அம்மா, போன வாரம் நீங்க ரிப்பேர் பண்ணிக் குடுத்த நாலு கம்ப்யூட்டரும் ஜம்முனு ஓடுது! இன்னும் ரெண்டு, எனக்கு என்ன பண்ணியும் பிடிபடல, நாளைக்கு சார் வேலைக்குக் கிளம்பினதும் வழக்கம்போல கொடுத்து அனுப்பட்டுமா?"